ஏழாம் அத்தியாயத்து மணி

ஒரு நாவலின் பிரதியை எடிட் செய்தபோது நான் எழுதிய குறிப்பு இதுதான்: "இந்த வரி வாசகர்களைப் புண்படுத்தும். நாவல் இதை ஏற்கிறதா, மறுக்கிறதா என்று தெரியவில்லை. மணி கேலிச்சித்திரம் மாதிரி இருக்கிறார். இவர் அவசியமா?"

ஏழாம் அத்தியாயத்தின் ஓரத்தில், கமெண்ட் பெட்டிக்குள் இருக்கிறது. எழுத ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நாவல் அச்சாகி ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. அந்த நாலு வாக்கியத்தில் எது சரி, எது தப்பு என்று இன்னும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

முதலில் அந்தக் காட்சியைச் சொல்லிவிடுகிறேன். சந்துருவுக்குக் கடும் காய்ச்சல். அவன் காதலன் இளங்கோ ஊரில் இல்லை. இருவருக்கும் நண்பரான மணி வந்து, கட்டிலருகே உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போடுகிறார். மணியின் நடையிலும் பேச்சிலும் நளினம் உண்டு. கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார், சத்தமாகச் சிரிப்பார். துணியை மாற்றும்போது சந்துருவின் கண் அவர் நகங்களில் விழுகிறது. வீட்டுக்குப் போவதற்காக நகப்பூச்சைச் சுரண்டி எடுத்திருக்கிறார். இரண்டு விரல்களில் மட்டும் ஓரமாகக் கொஞ்சம் சிவப்பு ஒட்டியிருக்கிறது. சந்துரு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறான். 'இவனை மாதிரி ஆளுங்களாலதான் எங்களையும் எல்லாரும் கேவலமாப் பார்க்கிறாங்க' என்று நினைக்கிறான். மணி துணியைப் பிழிந்துகொண்டிருக்கிறார். அத்தியாயம் அங்கே முடிகிறது.

இப்போது எழுதிப் பார்க்கும்போது எவ்வளவு நல்ல காட்சி என்று தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

ஏன் தோன்றவில்லை என்பதற்கு என்னிடம் காரணம் இருக்கிறது. மணி நாவலில் மொத்தம் மூன்று இடத்தில்தான் வருகிறார். மற்ற இரண்டு இடத்திலும் யாராவது அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சந்துரு சிரித்தால் அது சந்துருவின் குணம் என்று விட்டுவிடலாம். ஆனால் கதைசொல்லியே 'மணி நெளிந்தபடி உள்ளே வந்தான்' என்றும், 'குழைந்தான்' என்றும் எழுதுகிறார். அந்த வினைச்சொற்கள் சந்துருவின் தலைக்குள் இருந்து வந்தவை அல்ல. சந்துரு அறையிலேயே இல்லாத இடத்திலும் மணி நெளிகிறார். பாத்திரத்தின் வெறுப்பும் பிரதியின் வெறுப்பும் வேறு வேறு, இங்கே இருப்பது இரண்டாவது என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

எழுதியவரும் தன்பாலீர்ப்பு கொண்டவர். முதல் சந்திப்பிலேயே சொல்லியிருந்தார். அதனால் எனக்குத் தயக்கம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. நான் கல்யாணமான பெண். இந்த வாழ்க்கையை வாழ்ந்தவரிடம் போய் 'உங்கள் எழுத்தில் உங்கள் ஆட்கள் மீதே வெறுப்பு இருக்கிறது' என்று எப்படிச் சொல்வது? ஆனால் படித்திருந்தேன். ஜார்ஜ் வெயின்பெர்க் என்ற உளவியலாளர் 1972ல் ஹோமோஃபோபியா என்ற சொல்லைத் தன் நூலில் விளக்கும்போதே, அதில் இரண்டு பகுதி வைத்தார். மற்றவர்களுக்குத் தன்பாலீர்ப்பாளர்கள் அருகில் இருப்பதில் உள்ள அச்சம் ஒன்று. தன்பாலீர்ப்பாளர்களுக்கே தங்கள் மீது இருக்கும் வெறுப்பு இன்னொன்று. இந்த இரண்டாவதை யாரும் பின்னால் வந்து சேர்க்கவில்லை, தொடக்கத்திலிருந்தே அந்தச் சொல்லுக்குள் இருந்தது. அப்படியென்றால் அனுபவம் இருப்பவர் எழுதினால் மட்டும் அது கதைக்குள் வராமல் போய்விடாது.

இதையெல்லாம் அவரிடம் போனில் சொன்னேன். நிறையவே பேசினேன். ஹாலிவுட்டில் 1934லிருந்து கறாராக அமலான தணிக்கை விதிகள் தன்பாலீர்ப்பைத் திரையில் பேசவே விடவில்லை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விட்டபோது அந்தப் பாத்திரங்கள் தற்கொலை செய்துகொண்டோ கொல்லப்பட்டோ செத்தார்கள் என்றேன். விட்டோ ரூஸோ 1981ல் எழுதிய சினிமா வரலாற்று நூலின் கடைசிப் பக்கங்களில் அப்படிச் செத்தவர்களின் பட்டியலே இருக்கிறது. ஆங்கில எழுத்தாளர் ஃபார்ஸ்டர் 1913, 14ல் இரண்டு ஆண்களின் காதலைப் பற்றி எழுதிய 'மாரிஸ்' நாவல் அவர் இறந்த பிறகு 1971ல்தான் வெளியானது. காதலர்கள் இருவரும் சேர்ந்து வாழ வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார், அந்த மகிழ்ச்சியான முடிவே நூலை வெளியிடுவதைக் கடினமாக்கியது என்று அவரே எழுதியிருக்கிறார். ஜப்பானில் ஆண்களுக்கிடையிலான காதலைப் பெண்கள் பெண்களுக்காக எழுதிய கதைகள் பெருகியபோது, 1992ல் தன்பாலீர்ப்பு கொண்ட ஒரு ஆண் பெண்ணியச் சிறுபத்திரிகையில் அவற்றைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார், பெரிய விவாதமானது. அந்த வகைக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வசனம் உண்டு: 'நான் அந்த மாதிரி ஆள் இல்லை, உன்னை மட்டும்தான் பிடிக்கும்.' காதலை வைத்துக்கொண்டு, காதலிப்பவனின் இனத்தை மட்டும் தள்ளிவிடுகிற வசனம். உங்கள் சந்துருவும் அதைத்தான் சொல்கிறான், மணியைக் காட்டிச் சொல்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம் என்றேன்.

எல்லாம் உண்மையான தகவல்கள். ஒன்றையும் நான் தப்பாகச் சொல்லவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மேடம், பார்த்துட்டு அனுப்பறேன்" என்றார்.

மூன்று வாரத்தில் திருத்திய பிரதி வந்தது. ஏழாம் அத்தியாயத்தில் காய்ச்சல் இருக்கிறது. ஈரத்துணி இருக்கிறது. துணி போடுவது இளங்கோ. அவன் ஊரிலிருந்து முன்கூட்டியே வந்துவிடுகிறான். அந்த வரி இல்லை. மற்ற இரண்டு இடங்களுக்கும் போய்ப் பார்த்தேன், அங்கேயும் மணி இல்லை. பெயரைப் போட்டுத் தேடினேன். கடிகாரத்தில் மணி ஆறு, மணி ஒன்பது என்று வந்த இடங்கள் மட்டும் பளிச்சிட்டன.

மெய்ப்பு பார்க்க வந்த எழுத்தாளரிடம் நேரில் கேட்டேன். இந்தப் பேச்சைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

"மணி எங்கே?"

"நீங்கதானே மேடம் எடுக்கச் சொன்னீங்க?"

"வரியைத்தான் சொன்னேன்."

"இவர் அவசியமான்னு கேட்டிருந்தீங்களே." கொஞ்ச நேரம் மெய்ப்புத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "உண்மையைச் சொன்னா நிம்மதியா இருந்துச்சு மேடம். அவரை எழுதும்போதே எனக்குக் கூச்சம். இதைப் படிக்கிறவங்க எங்க எல்லாரையும் இப்படித்தான்னு நினைச்சிடுவாங்களோன்னு. எடுத்துடலாமான்னு ரொம்ப நாளா யோசிச்சிட்டிருந்தேன். நீங்களே சொன்னதும் விட்டுது."

நான் என்ன சொன்னேன்? "சரி, இப்பவும் நல்லாத்தான் வந்திருக்கு" என்றேன்.

அவர் சொன்னது என்ன என்று அங்கேயே எனக்குப் புரிந்தது. இவனை மாதிரி ஆளால்தான் எங்களைக் கேவலமாகப் பார்க்கிறார்கள் என்று சந்துரு நினைத்த அதே நினைப்புதான். வரியாக இருந்தபோது அது ஒரு பாத்திரத்தின் வாயில் இருந்தது, படிக்கிறவர் அதைப் பார்க்க முடிந்தது, கோபப்பட முடிந்தது. நான் சுட்டிக்காட்டிய பிறகு அது வரியாக இல்லாமல் போய், நாவலையே வடிவமைக்கிற முடிவாக மாறிவிட்டது. திட்டை எடுக்கச் சொன்னேன், திட்டு வாங்கியவரே போய்விட்டார். அதற்கு வழிவிட்டது என் குறிப்பு.

என் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். மெய்ப்பு நிலையில் ஒரு பாத்திரத்தைத் திரும்பச் சேர்ப்பது எளிதல்ல, பக்கங்கள் நகரும், வடிவமைப்பு முழுக்க மறுபடி செய்ய வேண்டும். எழுத்தாளர் நிம்மதி என்கிறார். அவர் வாழ்க்கை, அவர் நாவல். மூன்று இடங்களில் மட்டும் வந்து, இரண்டில் கேலிக்கு ஆளான ஒருவர் இல்லாமல் போனதால் புத்தகத்தில் புண்படுத்துகிற விஷயம் ஒன்று குறைந்தது என்பதும் உண்மை. மணியைப் போன்ற ஒரு வாசகர் முதல் பிரதியை அப்படியே படித்திருந்தால் புத்தகத்தைத் தூக்கி எறிந்திருப்பார். இப்போது எறிய மாட்டார்.

எறிய மாட்டார், சரி. ஆனால் அதில் தன்னைத் தேடினால் கிடைக்கவும் மாட்டார்.

இதில் என் பங்கு நாலு வாக்கியத்தோடு முடியவில்லை. பின்னட்டை வாசகம் நான் எழுதியது. 'எல்லோரையும் போன்ற இரண்டு ஆண்களின் காதல்' என்று தொடங்கும். அன்று பெருமையாக எழுதினேன். பிறகு ஒரு வாசகர் கடிதம் வந்தது, மிகவும் பாராட்டி. 'இதில் வரும் ஆண்கள் கண்ணியமானவர்கள்' என்று எழுதியிருந்தார். அந்தச் சொல்லைப் படித்ததும் எனக்குச் சுரண்டிய நகம்தான் ஞாபகம் வந்தது. அது இருந்திருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்குமா?

சந்துருவையும் இளங்கோவையும் எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று அதற்கப்புறம் யோசித்தேன். அவர்கள் அலுவலகம் போகிறார்கள், வாடகை பற்றிச் சண்டை போடுகிறார்கள், அளவாகப் பேசுகிறார்கள். நான் ஏற்கெனவே மதிக்கிற ஆண்கள் எப்படியோ அப்படியே இருக்கிறார்கள். அவர்கள் காதலை ஏற்க நான் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. மணியை ஏற்க மாற்றிக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். கேலிச்சித்திரம் என்று நான் எழுதியபோது பிரதியைத்தான் விமர்சித்தேனா, அல்லது அப்படி ஒரு மனிதர் நிஜத்தில் இருக்க மாட்டார் என்று நம்பினேனா? நளினமான ஆண் திரையில் வந்தாலே சிரிக்கப் பழகியவள் நான். அவரைச் சிரிப்புக்கு வெளியே நான் பார்த்ததே இல்லை. ஏழாம் அத்தியாயத்தில் அவர் சிரிப்புக்கு வெளியேதான் இருந்தார், இன்னொருவனுக்குத் துணி நனைத்துப் போட்டுக்கொண்டு. அந்த இடத்தில்தான் அந்தக் குறிப்பை எழுதினேன்.

டேட்டிங் செயலிகளில் ஆண்களைத் தேடும் ஆண்களின் சுயவிவரங்களில் 'பெண்தன்மை உள்ளவர்கள் வேண்டாம்' என்று எழுதி வைப்பது சாதாரணம் என்று அவர்தான் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அப்போது எவ்வளவு கொடுமை என்றேன்.

வேறு என்ன செய்திருக்கலாம் என்று பல தடவை பழைய ஃபைலைத் திறந்து பார்த்திருக்கிறேன். ஒன்று கண்ணில் பட்டது. மணி சந்துருவைவிடப் பத்து வயது மூத்தவர். நாவலில் வயதில் மூத்த எல்லோரும் 'வந்தார்', 'சொன்னார்'. வீட்டு உரிமையாளர் வந்தார், மேலாளர் சொன்னார், சந்துருவைத் திட்டித் துரத்திய மாமாகூட 'போனார்'தான். மணி மட்டும் 'வந்தான்', 'சிரித்தான்'. முந்நூறு பக்கத்தில் இதை நான் கவனிக்கவே இல்லை. ஒற்றுப்பிழை, சந்திப்பிழை எல்லாம் பார்த்தவள் இதைத் தாண்டிப் போயிருக்கிறேன், ஏனென்றால் என் காதுக்கும் அது இயல்பாகவே ஒலித்திருக்கிறது. அந்தப் புண்படுத்தும் வரியை அப்படியே விட்டு, 'வந்தான்' எல்லாவற்றையும் 'வந்தார்' ஆக்கச் சொல்லியிருந்தால், 'நெளிந்தபடி'யை எடுக்கச் சொல்லியிருந்தால் போதுமாக இருந்திருக்கும். அப்போது சந்துருவின் நினைப்பு சந்துருவோடு நின்றிருக்கும், கதைசொல்லி மணியின் பக்கம் இருந்திருப்பார்.

அப்படி இன்று தோன்றுகிறது. ஆனால் அதையும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 'வந்தார்' என்று போட்டால் எழுத்தாளர் மனதில் இருந்த கூச்சம் போய்விடுமா? இலக்கணத்தில் மரியாதை கொடுத்து, மனதில் இல்லாமல் எழுதினால் அதுவும் ஒருவகைப் பொய்தானே? அமெரிக்க எழுத்தாளர் கோர் விடால் 1948ல் வெளியிட்ட நாவலில் நாயகன் தான் ஆசைப்பட்டவனைக் கடைசியில் கொன்றுவிடுகிறான். 1965ல் அவரே திருத்தி எழுதிய பதிப்பில் கொலை இல்லை, ஆனால் வன்முறை போகவில்லை, பலாத்காரமாக மாறியிருந்தது. எழுதியவரே உட்கார்ந்து, இத்தனை வருடம் கழித்துத் திருத்தினாலும் இப்படி. அப்படியிருக்க என் ஓரக்குறிப்பு ஒருவருடைய முப்பது வருட அச்சத்தை எடுத்துவிடும் என்று எதிர்பார்த்தது எந்த நம்பிக்கையில்?

எழுத்தில் இருக்கும் வெறுப்பைச் சுட்டிக்காட்டுவது என் வேலை. அதை விட மாட்டேன். அடுத்த பிரதியிலும் 'நான் அந்த மாதிரி ஆள் இல்லை' என்று ஒருவன் சொன்னால் கேட்பேன், யார் மாதிரி இல்லை என்று. ஆனால் 'அவசியமா' என்ற சொல்லை ஒரு பாத்திரத்தின் பெயருக்குப் பக்கத்தில் எழுத இப்போது கை வருவதில்லை.

போன மாதம் இரண்டாம் பதிப்பு போட முடிவானது. அவரை அழைத்தேன். மணியைத் திரும்பக் கொண்டுவரலாம், பக்கம் கூடினால் பரவாயில்லை, நான் பேசிக்கொள்கிறேன் என்றேன்.

ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம் கேட்டார்: "அந்த வரியோடவா மேடம், வரி இல்லாமலா?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"வரி இல்லாம அவர் வந்தா, நான் அவரை எப்பவும் நல்லா நடத்தின மாதிரி ஆயிடும். வரியோட வந்தா, மறுபடியும் அவரை எல்லார் முன்னாடியும் அப்படிச் சொன்ன மாதிரி ஆயிடும்." கொஞ்சம் நிறுத்தி, "அவர் புத்தகம் வாங்கிப் படிச்சார் மேடம். நல்லா இருக்குன்னு சொன்னார். வேற ஒண்ணும் கேக்கல" என்றார்.

மணி என்று நிஜத்தில் ஒருவர் இருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவரும் யோசிக்கிறேன் என்றார். அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய தேதி வரை இருவரும் அழைத்துக்கொள்ளவில்லை. நாலு எழுத்துப்பிழைகளைத் திருத்தி, பின்னட்டையில் 'எல்லோரையும் போன்ற' என்ற இரண்டு சொற்களை எடுத்துவிட்டு அனுப்பினேன்.