முறுக்கும் பேப்பர் லாமா லோரியும்

முறுக்குக்கு அந்தப் பெயர் வாலால் வந்தது. கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுப் பின் சந்தில் கிடந்த நாய்க்குட்டியைத் தூக்கி வந்தபோது, வால் முதுகின் மேல் இரண்டு சுற்று சுற்றியிருந்தது. வெளியே கூட்டிப் போனால் மட்டும் அந்தச் சுற்று அவிழ்ந்து கால்களுக்கு நடுவே போய்விடும். ஒரு கப்சாய், அதாவது சின்ன மோட்டார் சைக்கிள், உறுமினால் போதும், தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும்.

கால்நடை மருத்துவர் பல்லைப் பார்த்து ஐந்து மாதம் இருக்கும் என்றார். குட்டிகள் புதுச் சத்தங்களைச் சட்டென்று ஏற்றுக்கொள்வது ஏறக்குறைய 3 முதல் 14 வாரம் வரைதானாம். அந்தக் காலம் தாண்டிவிட்டது. காது, மூட்டு எல்லாம் தடவிப் பார்த்தார். வலி இருந்தாலும் நாய் இப்படிப் பயப்படுமாம். வலி எதுவும் இல்லை.

நான் முதலில் செய்தது மடத்தனம். போகப் போகப் பழகிவிடும் என்று, சாயங்காலம் ஆறு மணிக்கு வாகனங்கள் நெருக்கியடிக்கும் ஜாலான் ஈப்போ சாலை ஓரத்தில் அரை மணி நேரம் நிறுத்திவைத்தேன். எச்சில் வழிய நடுங்கியது, பின்னோக்கி இழுத்துக் கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டது. நல்ல வேளை, ஓடியது சந்துப் பக்கம். அதன்பின் இரண்டு நாள் கேட்டைத் தாண்டவில்லை. மறுநாளே நெஞ்சைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் வாங்கிவிட்டேன்.

அப்புறம்தான் தூரத்தைக் கணக்குப் பண்ண ஆரம்பித்தேன். விடியற்காலை 6:30. கோலாலம்பூரில் சூரியன் எழவே ஏழு மணி ஆகிவிடும், தாரும் சுடாது. கடைகளுக்குப் பின்னால் உள்ள காலி கார் நிறுத்துமிடத்தில், சாலையிலிருந்து எண்பது காலடி தள்ளி உட்கார்ந்தோம். கையில் வேகவைத்த கோழி ஈரல், நகத்தளவு துண்டுகள். வாகனம் வந்தால் ஈரல் வரும், வாகனம் போனால் ஈரலும் நின்றுவிடும். முறுக்கு ஈரலை வேண்டாம் என்றால் நாங்கள் கிட்டே வந்துவிட்டோம் என்று அர்த்தம். பத்து காலடி பின்வாங்குவேன். பயத்தில் இருக்கும் நாய்க்குத் தின்னத் தோன்றாது. இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

அப்பா பார்த்துவிட்டு, "என்னடா, நாயைப் பழக்குறியா, ஈரல் வியாபாரமா?" என்றார்.

மூன்றாவது வாரம் ஒரு விசித்திரம். ஈரல் டப்பாவின் மூடியைத் திறந்தாலே முறுக்கு தலையைத் திருப்பிக்கொண்டு உதட்டை நக்கியது. வீட்டுச் சமையலறையில்கூட அப்படித்தான். பசிக்கு நக்குவது வேறு; இதில் கண்ணின் வெள்ளை தெரிந்தது. யோசித்துப் பார்த்தால் தப்பு என் மேல். தூரத்தில் லோரி தெரிந்ததுமே முன்ஜாக்கிரதையாக மூடியைத் திறந்துவிடுவேன். முதலில் 'டப்', அப்புறம் லோரி. லோரி வந்தால் ஈரல் வரும் என்று சொல்லிக்கொடுப்பதாக நினைத்திருந்தேன். அது கற்றுக்கொண்டதோ, டப்பா திறந்தால் லோரி வரும் என்பதை!

டப்பாவைத் தூக்கிப் போட்டேன். ஈரலை இடுப்புப் பையில் வைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். முறுக்கு லோரியைப் பார்க்க வேண்டும், காது அந்தப் பக்கம் திரும்ப வேண்டும், அதன் பிறகுதான் கை பைக்குள் போகும். சொல்வது சுலபம், கை தானாக முந்தும். பத்து நாள் கழித்து ஒரு காலை, சிமெண்ட் லோரி ஒன்று கடந்ததும் அது லோரியைப் பார்த்துவிட்டு, நான் கூப்பிடாமலே என் முகத்தைப் பார்த்தது. 'எங்கே என் ஈரல்?' அன்றைக்கு மூன்று துண்டு கொடுத்தேன்.

ஆறாவது வாரம் நாற்பது காலடி. மழை பெய்த காலையில் மட்டும் மறுபடி எண்பது. ஈரச் சாலையில் டயர் சத்தம் எவ்வளவு கூடுகிறது என்பது இந்த நாய் வந்த பிறகுதான் என் காதில் விழுந்தது.

தனிக் கதை, பேப்பர் லாமா லோரி, அதாவது ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டே பழைய பேப்பர் வாங்க வரும் லோரி. அதன் ஒலிபெருக்கி சந்து முனையில் கேட்டாலே முறுக்கு கட்டிலுக்கு அடியில். அந்தக் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்து, சாப்பாட்டு நேரத்தில் மிகக் குறைந்த ஒலியில் போட்டு, நாளுக்குக் கொஞ்சம் கூட்டினேன். நமக்குச் சரியாகக் கேட்காத மெல்லிய சத்தமும் நாய்க்குக் கேட்கும் என்பதால், நமக்குக் கேட்கிறதா இல்லையா என்ற அளவில்தான் தொடக்கம். குரலுக்கு இது பலித்தது. லோரி எஞ்சினின் உறுமலுக்குப் பலிக்கவில்லை. கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் அந்த அடித்தொண்டைச் சத்தம் வருவதே இல்லையே!

இப்போது பதினொன்றாவது வாரம். பேப்பர் லாமா வந்தால் கட்டிலுக்கடியில் போவதில்லை, கூடத்தில் நின்று குரைக்கிறது. பக்கத்து வீட்டு ஆண்ட்டிக்கு அதில் வருத்தம், எனக்கு மகிழ்ச்சி. குப்பை லோரியின் ஏர் பிரேக் 'புஸ்ஸ்' மட்டும் இன்னும் ஆகவில்லை. நேற்று இருபது காலடி தள்ளி அது நின்று பிரேக் அடித்தபோது வாலில் ஒரு சுற்று அவிழ்ந்தது, மற்றொன்று அப்படியே இருந்தது. ஈரலைத் தின்றது. சரி, இன்றைக்கு இது போதும் என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டோம்.