வேதாரண்யம் கரையில் ஒரு ராத்திரி: சேலத்திலிருந்து ஏற்பாட்டுக் குறிப்புகள்

ஜனவரி 11, 2026, ஞாயிறு

தேதி முடிவாகிவிட்டது: பிப்ரவரி 7, சனிக்கிழமை ராத்திரி. ஆறு பேர், இரண்டு கூடாரம். பிப்ரவரி 1 தைப்பூசப் பௌர்ணமி, 17 அமாவாசை. இரண்டுக்கும் நடுவில் விழுகிற நாள் என்பதால் கடல் அதிகம் ஏறாது. அந்தக் கரையில் ஏற்ற இறக்கமே ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் மணல் தட்டை. அரை மீட்டர் கூடினாலும் தண்ணீர் வெகுதூரம் உள்ளே வந்துவிடும்.

கோடியக்கரை சரணாலயத்துக்குள் கூடாரம் அடிக்க முடியாது. அங்கே தங்குவதென்றால் வனத்துறை ஓய்வில்லம்தான், அதற்கு நாகப்பட்டினத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். நம் திட்டம் அதற்கு வடக்கே, வேதாரண்யத்தை ஒட்டிய மீனவ கிராமத்தில் ஒரு சவுக்குத் தோப்பின் ஓரம். தோப்புக்காரரிடம் பேசியாகிவிட்டது. கழிப்பறையும் அவர் வீட்டில்தான். மணலில் குழி தோண்டுகிற வேலை இல்லை.

ஜனவரி 15, வியாழன்

ஏற்காட்டில் கூடாரம் அடித்துப் பழகியவர்களுக்கு முளை என்றால் ஒரு சாண் இரும்பு முளை. சேர்வராயன் மண்ணில் கல்லில் பட்டு அது வளையுமே தவிர, பிடுங்கிக்கொண்டு வராது. கடல் மணலில் அதே முளை விரலால் இழுத்தாலே வந்துவிடும். நீளமாக வாங்கினாலும் காய்ந்த மணலில் பெரிய வித்தியாசம் இருக்காது. முளையை மறந்துவிட்டுச் சாக்கு புதைப்பதுதான் வழி.

ஒரு கூடாரத்துக்கு ஆறு சாக்கு, பத்து கிலோ அரிசி வருகிற அளவு. மணலை நிரப்பி வாயைக் கட்டி, கயிற்றைச் சாக்கின் நடு வயிற்றில் கட்ட வேண்டும். முழங்கை ஆழத்துக்கு, அதாவது 45 சென்டிமீட்டர் குழி. சாக்கின் நீளவாட்டம் கயிற்றுக்குக் குறுக்கே இருக்க வேண்டும். குழியிலிருந்து கூடாரத்தின் பக்கம் கயிறு போகச் சாய்வாக ஒரு கீற்று வெட்டுவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கீற்று இல்லாவிட்டால் கயிறு குழியின் விளிம்பில் மடங்கி நிற்கும். மாலையில் விறைப்பாகத்தான் தெரியும். காற்று உலுக்க உலுக்க அது மணலை அறுத்துக்கொண்டு நேராகி, நடுராத்திரியில் அரை அடி தொய்ந்துவிடும். சாய்வு குறைவாக இருப்பது நல்லது. செங்குத்தாக இழுத்தால் சாக்கே மேலே கிளம்பும். மூடியபின் மிதித்து, மேலே ஒரு குடம் கடல்தண்ணீர் ஊற்றினால் மணல் இறுகும்.

ஜனவரி 18, ஞாயிறு

கயிறும் சாக்கும் லீ பஜார் பக்கம் வாங்கியாயிற்று. நீல பிளாஸ்டிக் கயிறு மலிவுதான், ஆனால் முடிச்சு நழுவும், வெயிலில் நைந்துபோகும். நைலான் நனைந்தால் நீளும் என்பதால் படுக்கும் முன் ஒருமுறை இறுக்க வேண்டும். பனி இறங்கியபின், பத்து மணிக்கு மேல் இறுக்கினால்தான் விடியும்வரை நிற்கும்.

வீடு கட்டுமிடத்து எம்-சாண்ட் குவியலில் சாக்கைப் புதைத்து இழுத்துப் பார்த்ததில் இரண்டு பேர் பலத்துக்கும் அசையவில்லை. இதை நம்பக்கூடாது. எம்-சாண்ட் உடைத்த கல், மூலையும் முனையுமாக ஒன்றோடொன்று கவ்வும். கடல் மணல் உருண்டு தேய்ந்தது. அங்கே கால்வாசி பலம் குறைந்தாலும் தாங்கும்படி ஒவ்வொரு கூடாரத்துக்கும் இரண்டு சாக்கு கூடுதலாக எடுத்துக்கொள்கிறோம்.

ஜனவரி 25, ஞாயிறு

தண்ணீர். கரையோரக் கிணறுகளை நம்பிப் போக முடியாது, உப்பு. குடிக்க, சமைக்க ஆளுக்கு ஏழரை லிட்டர் என்று 45; உப்பு கழுவ 15. மொத்தம் 60 லிட்டர். இருபது லிட்டர் கேன் வேண்டாம். மணலில் உருளாது, தோளில் வைத்தால் கணுக்கால்வரை புதையும். ஐந்து லிட்டர் கேன் பன்னிரண்டு, கைக்கு ஒன்றாக ஆறு பேரும் ஒரே நடையில் கொண்டுபோய்விடலாம். வண்டி தார்ச்சாலை முடிகிற இடத்திலேயே நிற்கும். சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி 1930-ல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தே போனார். கேன் தூக்க முனகுகிறவர்கள் நினைத்துக்கொள்ளவும்.

சாப்பாடு: ராத்திரிக்குப் புளியோதரை, காலையில் ஜவ்வரிசி உப்புமா. ஜவ்வரிசியை இங்கேயே ஊறவைத்து எடுத்துப் போனால் புளித்துவிடும், விடியற்காலை எழுந்ததும் அங்கே ஊறப்போட வேண்டும். தட்டுவடை செட் ஆசை இருந்தால் தட்டை, சட்னி, காய்த்துருவல் தனித்தனி டப்பாவில். உப்புக்காற்றில் தட்டை பத்து நிமிடத்தில் நமுத்துவிடும்.

ஜனவரி 31, சனி

அடுப்பு. கேசட் அடுப்பு, அதில் மாட்டும் 220 கிராம் பியூட்டேன் எரிவாயுக் குப்பி மூன்று. ஏற்காட்டுக் குளிரில் பியூட்டேன் சோர்ந்து தீ சிறுக்கும். கடற்கரையில் அந்தத் தொல்லை இல்லை, காற்றுதான் தொல்லை. தகரத் தடுப்பை மூன்று பக்கம் மட்டும் வைக்க வேண்டும், குப்பி இருக்கும் பக்கம் திறந்தே இருக்கட்டும். நாலாபுறமும் அடைத்தால் குப்பி சூடேறி வெடிக்கும். தோப்புக்குள் சமையல் கிடையாது. உதிர்ந்த சவுக்குச் சருகு ஒரு பொறிக்கே பற்றும். கரை ஒதுங்கிய கட்டையைக் கொளுத்துவதும் வேண்டாம், உப்பேறிய மரத்தின் புகை நஞ்சு.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவம். கடலைப் பார்த்து வெள்ளை விளக்கு எரியக்கூடாது. நெற்றி விளக்குகளில் சிவப்பு வெளிச்சம் மட்டும். ஆமை வந்தால் அதன் முன்னால் போகாமல், படம் எடுக்காமல் உட்கார்ந்துவிட வேண்டும்.

பிப்ரவரி 5, வியாழன்

வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும், ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனத்தின் அலை முன்னறிவிப்பையும் இன்றும் நாளை மாலையும் பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும் பயணம் ரத்து. 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறிய இடம் அது. ஊர்க்காரர்கள் 'வேண்டாம்' என்றால் அதற்கு மேல் பேச்சில்லை.

எதிரே இலங்கை என்பதால் ராத்திரியில் அந்நியர் நடமாட்டத்தைக் கடலோரக் காவல் குழுமம் விசாரிக்கும். ஆறு பேரின் ஆதார் நகல், வண்டி எண், தோப்புக்காரர் பெயர் எழுதிய தாளை மாலையிலேயே நிலையத்தில் கொடுத்துவிடுவது. அவர்களின் எண் 1093, கடலோரக் காவல்படை 1554.

இடம் பார்க்கும்போது கரையில் அலை ஒதுக்கிய குப்பைக் கோடுகளில் மேலே உள்ளதைத் தேட வேண்டும். அதற்கும் மேலே அடம்புக் கொடியும் ராவணன் மீசை என்கிற முள் புல்லும் படர்ந்திருக்கும். மணல்மேட்டைப் பிடித்து நிறுத்துவது அவைதான் என்பதால் அவற்றின் மேல் வேண்டாம், பின்புறச் சரிவில் அடிக்கலாம். உதிர்ந்த ராவணன் மீசைப் பந்து ஒன்று அடியில் கிடந்தாலும் கூடாரத் தரை ஊசி குத்தியதுபோல ஓட்டையாகும். கையால் பெருக்கிவிட்டுத் தார்பாய், அதன் மேல் கூடாரம். வாசல் தென்மேற்கே, இந்த மாதத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். தென்னைக்கு அடியில் யாரும் படுக்க வேண்டாம். மிச்சச் சாப்பாடு வண்டிக்குள். இல்லாவிட்டால் நாய்கள் கூடாரத்தைக் கிழிக்கும்.

பிப்ரவரி 9, திங்கள்

கழுவுவதை அடுத்த வாரத்துக்குத் தள்ளக்கூடாது. முதலில் கூடாரக் கம்பிகளை இணைப்புப் பூட்டு ஒவ்வொன்றாகக் கழற்றி, காய்ந்த துணியால் மணலை எடுத்த பிறகுதான் தண்ணீர். ஈர மணல் உள்ளே போய்விட்டால் அடுத்த முறை பூட்டு இறுகிக்கொள்ளும். ஜிப்பைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசி, காய்ந்ததும் மெழுகுவர்த்தியை ஒரு இழு. துணியை நிழலில் இரண்டு நாள் உலர்த்த வேண்டும். உப்பு மிச்சமிருந்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், மடித்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். சாக்குகளை உதறி எண்ணிப் பார்த்தாயிற்று. பதினாறும் இருக்கின்றன.