சாண்டோரினியை வெட்டிய பிறகுதான் பயணம் கைகூடியது

2025 ஜனவரியில் நான் முதலில் போட்ட திட்டம் இன்னும் என் போனில் இருக்கிறது. ஏதென்ஸில் பாய்மரப் படகு ஏறுவது, மிக்கோனோஸ், பாரோஸ், சாண்டோரினி என்ற மூன்று கிரேக்கத் தீவுகளையும் பார்ப்பது, ஏழாம் நாள் ஏதென்ஸ் திரும்புவது. மியூனிக்கில் சோபாவில் உட்கார்ந்து கூகுள் மேப்பைப் பார்த்துப் போட்டது. அதைப் படகு வாடகை முகவருக்கு அனுப்பினேன். திட்டத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு கேள்வி மட்டும் கேட்டிருந்தார். திரும்பி வரும்போது காற்று எந்தத் திசையில் இருக்கும்? படகு வெள்ளிக்கிழமை மாலையே துறைக்கு வந்தாக வேண்டும், தெரியுமா?

இரண்டும் தெரியாது.

அங்கே படகு வாடகை பெரும்பாலும் சனி முதல் சனி வரைதான். சனி மாலை 5 மணிக்குப் படகு கைக்கு வரும். சாமான் ஏற்றி, எது எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்குள் இருட்டிவிடும். வெள்ளி மாலை திரும்பி வந்து, அன்றிரவு துறையிலேயே தூங்கி, சனி காலை 9 மணிக்கு இறங்க வேண்டும். ஆக வாரம் என்பது காகிதத்தில். கடலில் 6 பகல். பாய்மரப் படகு மணிக்கு 5, 6 கடல் மைல் போகும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். சாண்டோரினி ஏதென்ஸிலிருந்து 100 கடல் மைலுக்கும் மேலே. போக வரவே விடுமுறை கரைந்துவிடும். போய்ச் சேர்ந்தாலும் தீவின் நடுவே உள்ள எரிமலைக் குழிக்குள் கடல் அதல பாதாளம், நங்கூரம் போடத் தோதான இடமில்லை.

காற்று விஷயத்தைத் தூத்துக்குடி அத்தானிடம் போனில் சொன்னேன். அக்காவும் அவரும் எங்களோடு வருவதாக இருந்தது. ஈஜியன் கடலில் கோடையில் 'மெல்டெமி' என்று ஒரு காற்று. துருக்கிப் பக்கம் தாழ்வழுத்தமும் பால்கன் பக்கம் உயர் அழுத்தமும் இருக்க, நடுவே வடக்கிலிருந்து நாள்கணக்கில் அடிக்கும். வானத்தில் ஒரு மேகம் இருக்காது, கடல் மட்டும் கொந்தளிக்கும். ஜூலை, ஆகஸ்டில் உச்சம். நான் இதையெல்லாம் விளக்கி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாடைன்னு சொல்லு மாப்ள. போகையில தள்ளிவிடும், வரையில மூஞ்சில அடிக்கும். அவ்வளவுதான?" என்றார். அவருடைய தாத்தா தோணியில் கொழும்புக்கு உப்பும் கருவாடும் ஏற்றிப் போனவர்.

அன்றைக்கே சாண்டோரினியை வெட்டினேன், பின்னாலேயே மிக்கோனோஸும் பாரோஸும் போயின. மேற்கே அயோனியன் கடல் சாதுவானது, மதியத்துக்கு மேல்தான் காற்று வரும் என்றார்கள். ஆனால் சென்னையில் விமானம் ஏறி வருகிறவர்களை ஏதென்ஸில் இறக்கி, அங்கிருந்து இன்னொரு பயணம் கூட்டிப்போக மனமில்லை. மிஞ்சியது ஏதென்ஸ் வாசலிலேயே இருக்கும் சரோனிக் வளைகுடா. ஏஜினா, போரோஸ், ஹைட்ரா, முடிந்தால் ஸ்பெட்ஸெஸ் என்ற தீவுகள். செப்டம்பர் 13, சனிக்கிழமை என்று தேதி குறித்தோம்.

படகில் ஒரு தப்புக் கணக்கு போட்டேன். நாங்கள் 6 பேர், மூன்று ஜோடி, எனவே 3 அறை என்று முன்பணம் கட்டவே போய்விட்டேன். எங்கள் யாரிடமும் படகோட்டும் உரிமம் இல்லை, கேப்டனையும் சேர்த்துத்தான் அமர்த்தினோம். அந்த மனிதர் எங்கே தூங்குவார்? கடைசி நேரத்தில் 4 அறைப் படகாக மாற்றினேன். கேப்டனுக்கு நாள் சம்பளம் தனி, சாப்பாடு நம் பொறுப்பு. இறுதித் துப்புரவு, சின்ன ரப்பர் படகின் மோட்டார் என்று வாடகைக்கு மேல் வருவதை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். படகு 'பவேரியா' கம்பெனியுடையது. கடலே இல்லாத எங்கள் பவேரியா மாநிலத்தில், கீபெல்ஸ்டாட் என்ற ஊரில் செய்து அனுப்புகிறார்கள்.

விசாதான் என்னை அலைக்கழித்தது. அக்காவும் அத்தானும் கிரீஸில் 9 இரவு, மியூனிக்கில் 5 இரவு. இரண்டு நாட்டுக்கும் ஒரே ஷெங்கன் விசாதான், அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் கிரீஸ் விசா. கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, இவை சுலபம். எங்கே தங்குகிறீர்கள் என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லை. ஹோட்டல் ரசீது ஏதென்ஸின் 2 இரவுக்கு மட்டும் இருந்தது, மற்ற 7 இரவும் படகில். கடைசியில் வாடகை ஒப்பந்தத்தையும், பயணிகள் பட்டியலையும், நாள்வாரியாகத் தீவுகளின் பெயரையும் சேர்த்து ஒரு கடிதம் எழுதி வைத்தோம். பட்டியலிலும் ஒரு வில்லங்கம். அக்காவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. முகவரின் படிவமோ அதை நிரப்பாமல் நகர மாட்டேன் என்றது. நான் அப்பா பெயரைப் போட்டேன், விசா படிவத்தில் அத்தான் வேறு மாதிரி போட்டிருந்தார். இரண்டையும் ஒன்றாக்க ஒரு வாரம். இதில் படகுக்குப் பாதிப் பணம் முன்பே கட்டியாகிவிட்டது, விசா வராவிட்டால் திரும்பாது. விசா வந்தது ஆகஸ்ட் கடைசியில். அதுவரை நான் சரியாகத் தூங்கவில்லை.

பாதையைக் கடைசியாக முடிவு செய்தது அக்கா. "ஏல, 17ஆம் தேதி புரட்டாசி பொறக்கு. மீன் திங்கிற ஊரெல்லாம் அதுக்கு முன்னாடி வச்சிரு." சரி என்று ஏஜினாவின் பெர்டிகாவை ஞாயிற்றுக்கிழமைக்குக் கொண்டுவந்தேன், கரையோரம் வரிசையாக மீன் உணவகங்கள் உள்ள சின்னத் துறைமுகம் அது. புதன் முதல் ஃபாவாதான் கைகொடுத்தது. நம் பருப்புக் கடையலில் ஆலிவ் எண்ணெய் விட்ட மாதிரி இருக்கும். அக்கா அதில் ஒரு வரமிளகாயைத் தாளித்துப் போட்ட பிறகு கேப்டனும் இரண்டாம் முறை கேட்டார்.

ஞாயிறு போகும் வழியில் ஆகியா மரினா விரிகுடாவில் நங்கூரமிட்டு, மேலே இருக்கும் அஃபேயா கோயிலுக்கு ஏறினோம். கிறிஸ்துவுக்கு முன் 500 வாக்கில் கட்டியது. தூண்கள் நிற்கின்றன, முகப்புச் சிற்பங்கள் 1811இல் தோண்டி எடுக்கப்பட்டு, பவேரிய இளவரசர் லுட்விக் வாங்கி, இப்போது மியூனிக்கில் என் வீட்டிலிருந்து டிராமில் போகிற தூரத்தில் இருக்கின்றன. சிலைகளைப் பல முறை பார்த்தவனுக்கு அவை இருந்த வெற்றிடத்தைப் பார்ப்பது ஒரு மாதிரியாக இருந்தது.

திங்கள் போரோஸ், செவ்வாய் ஹைட்ரா. ஹைட்ராவில் கார் கிடையாது, மூட்டை முடிச்செல்லாம் கோவேறு கழுதைமேல். துறை மிகச் சிறியது. மதியத்துக்கு முன்பே போய்விட வேண்டும் என்று கேப்டன் விரட்டிக்கொண்டு போனது ஏன் என்று மறுநாள் காலையில்தான் புரிந்தது. அங்கே படகின் பின்பக்கமான அமரம் கரையைப் பார்க்க, நங்கூரத்தை எதிரே தள்ளிப் போட்டு நிறுத்துவார்கள். பின்னால் வருகிறவர்களும் அதே சின்ன இடத்தில் போட, சங்கிலிகள் சிக்கல் விழுந்த நூல்கண்டாகிவிடும். எங்கள் நங்கூரத்தைத் தூக்கியபோது இன்னொருவர் சங்கிலி அதன்மேல் மாலை போட்டிருந்தது. அத்தான் படகின் முன்முனையான அணியத்தில் குப்புறப் படுத்து, அதன் கீழே கயிறு விட்டுப் பிடித்துக்கொள்ள, எங்களுடையதை இறக்கி உருவினார்கள். முக்கால் மணி நேரம். கேப்டனுக்குத் தமிழ் தெரியாது, அத்தானுக்குக் கிரேக்கம் தெரியாது, ஆனால் அதிகம் பேசிக்கொண்டது அவர்கள் இருவரும்தான்.

அன்று காலை முன்னறிவிப்பில் வியாழனுக்கு வடகாற்று, காற்றின் வேகத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 6 முதல் 7, அதாவது பலத்த காற்று. ஏதென்ஸ் வடக்கே இருக்கிறது. ஸ்பெட்ஸெஸ் போனால் இன்னும் தெற்கே இறங்குவோம். அந்த ஒரு நாளை முதலிலேயே காலியாக விட்டிருந்ததால் வாக்குவாதமே இல்லை. புதன் மாலைக்குள் போரோஸுக்குத் திரும்பி, எல்லாப் பக்கமும் நிலம் அணைத்த அந்தத் துறையில் கட்டிவிட்டோம். வியாழன் முழுக்கப் பாய்மரக் கம்பிகள் ஊளையிட்டன. நாங்கள் சின்னப் படகில் எதிர்க்கரை கலாட்டாஸுக்குத் தாண்டி, டாக்ஸி பிடித்து எபிடாரஸின் பழங்காலக் கிரேக்க அரங்கத்துக்குப் போனோம். மேல் படியில் அக்கா, நடு வட்டத்தில் அத்தான். அவர் ஒரு நாணயத்தைக் கீழே போட்டது மேலே கேட்டது. திட்டத்திலேயே இல்லாத அந்த நாளைத்தான் எல்லோரும் இன்றும் பேசுகிறார்கள்.

வெள்ளி விடியுமுன் கிளம்பி, தணிந்த காற்றை எதிர்த்துப் பெரும்பாலும் என்ஜினில்தான் வந்தோம். சனி காலை படகுக்காரர்களில் ஒருவர் முங்கி அடிப்பக்கம் பார்த்தார், இன்னொருவர் தட்டு, கரண்டி வரை எண்ணினார். பாய்க்கயிற்றை இழுக்கும் உருளையான வின்ச்சைச் சுற்றும் கைப்பிடி ஒன்று குறைந்தது. வைப்புத்தொகையில் அதற்கு மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பினார்கள். அது ஹைட்ராவில் கடலுக்குள் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. "கயிறு என் கையில் இருந்தது, கைப்பிடி உன் பக்கத்தில் இருந்தது" என்கிறார் அத்தான்.