சம்பளம் கிடையாது, சாப்பாடும் நீங்கள்தான் போட வேண்டும்

மிச்சிகனில் பனி உருகத் தொடங்கியதும் நான் வீடு தேட ஆரம்பித்துவிடுவேன். வீடு எனக்கில்லை. ஜெர்மனி, இத்தாலி, பிரேசில், தாய்லாந்து என்று எங்கெங்கிருந்தோ ஒரு வருஷம் இங்கே ஹைஸ்கூலில் படிக்க வரும் 15 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு. அவர்களுக்குக் குடும்பம் பிடித்துக் கொடுக்கும் உள்ளூர் கோஆர்டினேட்டர் நான். பகலில் வேறு வேலை. இது சாயங்காலமும் சனி, ஞாயிறும்.

யாரிடம் பேச்செடுத்தாலும் சுற்றி வளைத்து இங்கேதான் வருவார்கள்: "மாசம் எவ்ளோ தருவாங்க?" ஒன்றும் தரமாட்டார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு ரூம் வாடகைக்கு விடுவது வேறு. ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் வரும் பள்ளி மாணவரை வைத்துக்கொள்ளும் குடும்பத்துக்குப் பணம் கிடையாது. படுக்கை, மூன்று வேளைச் சாப்பாடு, காரில் கொண்டுவிட்டுக் கூட்டி வருவது எல்லாம் உங்கள் பொறுப்பு. இன்ஷூரன்ஸும் கைச்செலவும் மட்டும் மாணவருடையது. வரி கட்ட வேண்டிய வருமானத்தில் மாதம் 50 டாலர் வரை நன்கொடையாகக் கழித்துக்கொள்ளலாம். அதுவும் கழிவுகளைத் தனித்தனியாகக் கணக்குக் காட்டுபவர்களுக்குத்தான். பதினாறு வயதுப் பையன் குடிக்கிற பாலுக்கே அது காணாது. இதைக் கேட்டதும் பாதிப் பேர் நழுவிவிடுவார்கள். நழுவட்டும். இதையெல்லாம் மறைத்துப் பிடித்த குடும்பம் எப்படியும் அக்டோபரில் என்னைக் கூப்பிட்டு அழும்.

சர்ச்சுகளில் பேசக் கூப்பிட்டால், ஏஎஃப்எஸ் என்ற மாணவர் பரிமாற்ற அமைப்பு தொடங்கிய கதையைச் சொல்வேன். இரண்டு உலகப் போர்களிலும் காயம்பட்டவர்களை ஆம்புலன்ஸில் ஏற்றிப்போன அமெரிக்கத் தொண்டர்கள், சண்டை ஓய்ந்த பிறகு 1947-ல் வெளிநாட்டுப் பள்ளி மாணவர்களை இங்கே வரவழைக்க ஆரம்பித்தார்கள். பெரியவர்களுக்குக் கதை பிடிக்கும். ஆனால் குடும்பம் கிடைப்பது கதையால் இல்லை. பள்ளி பேண்ட் வாத்தியக் குழு, சாக்கர் டீம் என்று பிள்ளைகளோடு அலையும் அம்மாக்களிடம்தான் கிடைக்கும். எப்படியும் ஐந்து மணிக்குப் பிராக்டிஸுக்கு வண்டி எடுக்கிறவர்கள், பின் சீட்டில் இன்னொருத்தரை ஏற்றிக்கொள்ள யோசிப்பதில்லை. எங்கள் பக்கம் சாயங்காலம் பஸ் கிடையாது. வரும் பிள்ளைகள் கார் ஓட்டவும் கூடாது. அதனால் படுக்கையறையை விட பின் சீட்டு முக்கியம்.

ஆகஸ்ட் 31-க்குள் எல்லோருக்கும் வீடு அமைந்தாக வேண்டும் என்பது அரசாங்க விதி. அதனால் ஜூலையில் கை நடுங்கும். ஒரு பிள்ளையின் போட்டோவைப் போட்டு, "இவளுக்கு இன்னும் வீடு இல்லை, உடனே உதவுங்கள்" என்று ஃபேஸ்புக்கில் எழுதினால் சாயங்காலத்துக்குள் நாலு பேர் கூப்பிடுவார்கள். அதைச் செய்யக் கூடாது. இரக்கத்தையோ குற்ற உணர்ச்சியையோ தூண்டி விளம்பரம் செய்யக் கூடாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. முழுதாகச் சரிபார்த்துத் தேர்ந்தெடுத்த குடும்பத்துக்கு மட்டும்தான் பிள்ளையின் படமும் விவரமும் போகலாம். சக கோஆர்டினேட்டர்கள் சிலர் இதைத் தொல்லை என்பார்கள். எனக்கு இந்த விதி பிடிக்கும். பாவம் பார்த்து எடுத்தவர்கள் பள்ளி திறந்து ஒரு மாசம் போனதும், அந்தப் பெண் தினமும் நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். எந்தப் பதினாறு வயது தினமும் நன்றி சொல்லும்?

நம் ஆட்களிடம் கேட்பது தனிக் கதை. பாண்டியாக் பராசக்தி கோவிலில் பிரசாத வரிசையில் நின்றபடியே பேச்சுக் கொடுப்பேன். "அக்கா, நம்ம வீட்ல ரசம் சாதம். அந்தப் புள்ள அமெரிக்காவப் பாக்க வருது, ஏமாந்து போயிடாதா?" என்பார்கள். அமெரிக்கா என்றால் வெள்ளைக்காரர் வீடு என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம். இந்த நிறம், இந்த மதம், இன்ன சாப்பாடு என்று எந்த விதியும் இல்லை. சைவ வீடு என்றால் விண்ணப்பத்தில் எழுதுங்கள், ஒத்துக்கொள்ளும் பிள்ளையை அனுப்புகிறோம், அவ்வளவுதான். கேன்டனில் ஒரு மதுரைக் குடும்பம் அப்படித்தான் இத்தாலியப் பெண் ஒருத்தியை ஏற்றுக்கொண்டது. அவள் இட்லியைத் தொடவே இல்லை. எலுமிச்சை ஊறுகாயை மட்டும் பாட்டிலோடு காலி செய்தாள்.

ஊரிலிருந்து வந்து ஆறு மாசம் தங்கும் மாமனார், மாமியாரைப் பற்றி மறக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டில் வசிக்கும் 18 வயது ஆன ஒவ்வொருவருக்கும் பேக்ரவுண்ட் செக் உண்டு. "எங்க மாமனார் ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர்ங்க!" என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். ஹெட்மாஸ்டருக்கும் உண்டு.

அப்புறம் நான் வீட்டுக்கு வருவேன். படுக்கையறை, பாத்ரூம், சமையலறை, ஹால், வாசல் எல்லாவற்றையும் படம் எடுப்பேன். நம் வீடுகளில் அன்றைக்குப் பொங்கலுக்கு ஒழித்த மாதிரி இருக்கும். எனக்கு அது தேவையில்லை. காற்று நிரப்பும் மெத்தை, சோபா படுக்கை இரண்டும் ஆகாது. தனிக் கட்டில் வேண்டும். ஒரே அறையில் இருவர் என்றால் ஆணோடு ஆண், பெண்ணோடு பெண். இதெல்லாம் ஐந்து நிமிஷ வேலை. மீதி நேரம் முழுக்க நான் பார்ப்பது வீட்டுப் பிள்ளையைத்தான். அப்பா உற்சாகமாகப் பேசிக்கொண்டிருப்பார். மகன் மாடிப்படியில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருப்பான். அவனிடம் தனியாகக் கேட்பேன்: "பாத்ரூம், வைஃபை, அம்மா மூன்றையும் பங்கு போட்டுக்கணும், சரியா?" அவன் தோளைக் குலுக்கினால், காபியைக் குடித்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்பிவிடுவேன். அப்பாவுக்கு வருத்தம்தான். அடுத்த வருஷம் மகன் மனசு மாறி அவனே கேட்ட வீடுகளும் உண்டு.

"நீங்களே வெச்சுக்கலாமே?" என்றும் கேட்கிறார்கள். நான் கண்காணிக்கும் பிள்ளையை நானே வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. மாதாமாதம் பிள்ளையிடமும் குடும்பத்திடமும் தனித்தனியாகப் பேசுவது என் வேலை. உங்களைப் பற்றிய புகாரை அவள் சொல்ல வெளியாள் ஒருத்தி வேண்டாமா?

இந்த ஆகஸ்டுக்கு வேண்டுமென்றால் இப்போதே யோசியுங்கள். பள்ளியும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். இந்தப் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றில் எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கென்று சில இடங்கள்தான், சீக்கிரம் நிரம்பிவிடும். எனக்குப் போன் செய்வதற்கு முன்னால் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.