எதிர்க்கரையில் கல் இல்லை

அம்மா வியன்னாவுக்கு வந்து மூன்றாவது வாரமே அரண்மனையும் தேவாலயமும் அலுத்துப்போய்விட்டன. ஊருக்குள் ஓடும் டான்யூபைக் காட்டினேன். இரண்டு பக்கமும் கல் அடுக்கி, நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பெரிய வாய்க்காலாடா இது?" என்றார். சரி, இவருக்கு ஆற்றோரத்தில் கீழே இருக்கும் ஹைன்பர்க் ஊர்தான் சரிப்படும் என்று மறுநாள் எஸ்7 ரயிலில் கூட்டிப்போனேன். ஒரு மணி நேரம். விமான நிலையத்தைத் தாண்டிப் போகிற அதே ரயில்தான்.

ஹைன்பர்க் கரையில் பெஞ்சில் உட்கார்ந்து தயிர்சாதத்தைப் பிரித்தோம். எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று கேட்டார்: "ஏன்டா, அந்தப் பக்கம் கரை இடிஞ்சு கிடக்கே, மரமெல்லாம் சாஞ்சு தண்ணியில கிடக்கு. யாரும் கல்லு போட மாட்டாங்களா?"

"கல்லு இருந்துச்சும்மா. செலவு பண்ணி எடுத்துட்டாங்க."

நம்பவில்லை. திருவையாற்றுப் பக்கம் பிறந்து, கரை உடைந்துவிடுமோ என்று மூட்டை அடுக்கிய ராத்திரிகளைப் பார்த்தவர் எப்படி நம்புவார்? ஆனால் நிஜம். எதிரே தெரிந்த இடத்தின் பெயர் டுர்ன்ஹாவ்ஃபன். கிட்டத்தட்ட 3 கி.மீ. நீளத்துக்குக் கரையில் இருந்த கல்லை 2006 வாக்கில் எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஆறு தன் இஷ்டத்துக்கு அரித்துக்கொண்டு போகிறது. அரித்த இடத்தில் செங்குத்தான மண்சுவர் நிற்கும், அதில் மீன்கொத்தி வளை தோண்டும். நம்மூர்க் குளத்தங்கரையில் நீலமாக விர்ரென்று போகுமே, அதே சிறால் மீன்கொத்திதான். அரித்த மண்ணும் கூழாங்கல்லும் இன்னொரு இடத்தில் திட்டாகச் சேரும், அங்கே உப்புக்கொத்தி முட்டையிடும்.

கல் எப்படி வந்தது என்பது பழைய கதை. 1870லிருந்து 1875 வரை வியன்னாவில் டான்யூபை வெட்டி நேராக்கினார்கள், வெள்ளத்துக்குப் பயந்தும் கப்பலுக்காகவும். பிறகு கீழே போகப்போக, பல கிளைகளாகப் பிரிந்து ஓடிய ஆற்றை ஒரே தடமாகச் சுருக்க, ஒவ்வொரு கிளையாற்றின் வாயையும் கல் போட்டு அடைத்தார்கள். உள்ளேயும் குறுக்கே கரை போட்டு, தண்ணீர் போக ஒரு சின்னக் குழாயை மட்டும் விட்டுவைத்தார்கள். ஓட்டம் நின்ற கிளையில் வெள்ளம் வரும்போதெல்லாம் வண்டல் படியும், மறுபடி வெள்ளம், மறுபடி வண்டல், கடைசியில் நாணல் முளைத்துத் தரையாகிவிடும்.

அம்மாவுக்கு இந்த இடத்தில் பிடிபட்டுவிட்டது. "படுகைக்குத் தண்ணி ஏறாம போச்சுன்னு சொல்லு." இந்த ஆற்றோரக் காட்டை 'வெள்ளச் சமவெளி' என்று எழுதி எழுதி எனக்கே சலித்திருந்தது. படுகை. வீட்டிலேயே இருந்த சொல்.

இதெல்லாம் மிச்சம் இருப்பதே ஒரு சண்டையால்தான். ஆஸ்திரிய டான்யூபில் வரிசையாக நீர்மின் அணைகள். அணையில்லாமல் ஓடுவது வாஹாவ் பள்ளத்தாக்கிலும் வியன்னாவுக்குக் கிழக்கே இந்தத் துண்டிலும் மட்டும். இங்கேயும் ஒன்று கட்டப் புறப்பட்டபோது, 1984 டிசம்பர் குளிரில் ஆயிரக்கணக்கானவர்கள் இந்தக் காட்டுக்குள் கூடாரம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். (அதற்குச் சில மாதம் முன்னால் அணையை எதிர்த்த அரசியல்வாதிகள் மிருக வேஷம் போட்டு நிருபர்களைச் சந்தித்தார்கள், ஒருவர் மான் கொம்போடு வந்தார். படம் இருக்கிறது, பாருங்கள்.) போலீஸ் தடியடிக்குப் பிறகு அரசு பின்வாங்கியது. 1996இல் தேசியப் பூங்கா ஆனது.

அணை வராமல் தடுத்தாயிற்று, கிளைகள்? ரேகல்ஸ்ப்ரூன், ஓர்த், ஷோனாவ் என்று ஒவ்வொன்றாக வாயைத் தாழ்த்தி வெட்டி, உள்ளே இருந்த குறுக்குக் கரைகளை உடைத்துத் திறந்தார்கள். முன்பு பெருவெள்ளத்தில் மட்டும் எட்டிப்பார்த்த ஆறு இப்போது வருஷத்தில் பல நாள் உள்ளே ஓடுகிறது. மீன்குஞ்சுகளுக்கு இது பெரிய விஷயம்; பெரிய ஆற்றில் கப்பல் கிளப்பும் அலை அவற்றைக் கரையில் தூக்கி எறிந்துவிடும், கிளைக்குள் அந்தத் தொல்லை இல்லை.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். மேலே உள்ள அணைகளில் சரளைக்கல் தங்கிவிடுகிறது. பசித்த ஆறு தன் அடிமடியையே தின்னும். இங்கே ஆற்றின் தரை வருஷத்துக்கு 2, 3 செ.மீ. இறங்கிக்கொண்டிருந்தது. கேட்கச் சின்னதுதான், 50 வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை வரும். ஆறு கீழே போய்விட்டால் எவ்வளவு தாழ்த்தி வெட்டிய வாயும் அந்தரத்தில் தொங்கும். அதனால் வியன்னாவின் கடைசி அணைக்குக் கீழே சரளையைக் கொட்டிக்கொண்டே இருக்கிறார்கள், கீழே தூர்வாரியதைப் படகில் ஏற்றி மேலே கொண்டுவந்தும் போடுகிறார்கள். கிளை திறப்பு விழாவுக்குப் படம் எடுக்க ஆள் வரும், சரளை கொட்டுவதை யார் படம் எடுக்கிறார்கள்? என்னைக் கேட்டால் அதுதான் முக்கியமான வேலை.

அடுத்த ஞாயிறு வியன்னா எல்லையிலேயே இருக்கும் லோபாவுக்குப் போனோம். மேல்வாய் அடைத்தது அடைத்தபடி. வெள்ளம் வந்தால் கீழ்வாய் வழியாகப் பின்னோக்கி ஏறி, வண்டலைப் போட்டுவிட்டு வடிந்துவிடும். அம்மா குனிந்து பார்த்து, "இது குட்டைடா" என்றார். மேலிருந்து ஆற்றுத் தண்ணீரை விடலாமா என்று பல வருஷமாக இழுபறி. கீழே நகரத்தின் குடிநீர்க் கிணறுகள், பக்கத்தில் இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து மண்ணில் எண்ணெய் இறங்கிய பழைய கிடங்கு. குடிநீர்க்காரர்களின் பயத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. நான் திறக்கச் சொல்லும் கட்சி. அம்மா, கிணற்றுக்காரர்களைக் கேட்டுக்கொண்டு திறக்கச் சொல்லும் கட்சி. வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலும் இதே பேச்சுதான்.