29க்கு நேராக ஒரு பூஜ்ஜியம்

ஜூலை 3, வியாழன்

மூன்றாவது பீரியட் முடிந்து ஸ்டாஃப் ரூமுக்கு வந்த பிறகுதான் செல்போனைப் பார்த்தேன். ஹெச்.எம் மேடம் காலையிலேயே போய்விட்டார். வயது 78. கொஞ்ச நாளாகவே முடியாமல் இருந்தார், எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்து என்ன.

அவர் ஓய்வு பெற்று 16 வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு மூன்று பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆனாலும் எங்களுக்குள் 'ஹெச்.எம்' என்றால் அவர்தான். மற்றவர்களைப் பெயர் சொல்லித்தான் குறிப்பிடுவோம்.

பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதற்குள் நூறு செய்திகளுக்கு மேல் வந்திருந்தன. ஒருவர் 'ஆழ்ந்த இறங்கல்' என்று எழுத, அதையே ஆளாளுக்கு எடுத்துப் போட்டிருந்தார்கள். வரிசையாக வல்லின 'ற'. "இறங்குறது பஸ்ல இருந்து. இரங்குறது மனசு" என்று கரும்பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியவர். அவருக்கே இப்படி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜூலை 5, சனி

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டமாம். என்னைப் பேசச் சொல்கிறார்கள். 4 நிமிடம். அவர் கீழே ஆறு வருடம் வேலை பார்த்தவர்களில் இன்னும் இதே பள்ளியில் இருப்பது நான் மட்டும் என்பதால் இந்த ஏற்பாடு.

'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று ஆரம்பித்து அடித்தேன். 'அணையாத தீபம்' என்று எழுதவே இல்லை, கை பாதியிலேயே நின்றுவிட்டது. முன்பு ஒருமுறை சக ஆசிரியர் ஒருவருக்கு நடந்த இரங்கல் கூட்டத்திலிருந்து திரும்பும்போது மேடம் சொன்னது இது: "இவ்வளவு பேர் பேசினாங்க, அவர் எப்படி நடப்பார்னு ஒருத்தரும் சொல்லலையே."

சரி, எப்படி நடப்பார் என்றே எழுதுகிறேன். வேகமாக நடக்க மாட்டார். வலது கையில் சாவிக்கொத்து. அலுவலகம், பீரோ, ஆய்வகம், நூலகம் எல்லாவற்றுக்குமான சாவிகள் ஒரே வளையத்தில். வராந்தாவின் ஒரு முனையில் திரும்பும்போதே அதை ஒரு குலுக்குக் குலுக்குவார். அந்தச் சத்தம் கடைசி வகுப்பு வரை கேட்கும். பிள்ளைகள் இடத்தில் போய் உட்கார்வார்கள், நாங்களும் மேஜையிலிருந்து இறங்கி நிற்போம். புதிதாகச் சேர்ந்தபோது, இது தெரியாமல் செய்கிற பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு நாள் கேட்டேன். "சத்தமில்லாம வந்து நிக்கிறது போலீஸ் வேலை டீச்சர்" என்றார்.

பிள்ளைகளை அவர் 'நீ' என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஆறாம் வகுப்புப் பொடிசுக்கும் 'வாங்க', 'உட்காருங்க'தான். கோபம் வந்தால் மரியாதை இன்னும் ஒரு படி கூடும். "தாங்கள் எப்போது வீட்டுப்பாடம் எழுதுவதாக உத்தேசம்?" என்றால் அன்று அந்தப் பையன் தொலைந்தான்.

ஜூலை 6, ஞாயிறு

பரணில் இருந்த பழைய பெட்டியைக் கீழே இறக்கினேன். பாடக்குறிப்பேடுகள், துரு ஏறிய கிளிப்புகள், முதல் வருடத்துக் குழுப் படம். அதில் நான் யாரோ மாதிரி இருக்கிறேன். தேடிய தாள் மூன்றாவது குறிப்பேட்டுக்குள் இருந்தது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த அரைத் தாள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் அது. ஏழாம் வகுப்பு, அறிவியல். மேடம் வந்து கடைசி பெஞ்சில், ஒரு பையனைத் தள்ளி உட்காரச் சொல்லி, அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்காலி போடவா என்று கேட்டதற்குத் தலையாட்டி மறுத்துவிட்டார். முழு பீரியடும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் எழுதுவதுமாக இருந்தார். வகுப்பு பிரமாதமாகப் போனதாக எனக்கு ஒரு எண்ணம். கேள்விக்கு மேல் கேள்வி, டக் டக்கென்று பதில். மணி அடித்ததும் தாளைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பாராட்டு இல்லை, திட்டு இல்லை. வெறும் எண்கள்:

11 – 2
7 – 2
34 – 1
11 – 2
18 – 1
29 – 0
7 – 2

எனக்குப் போட்ட மார்க் என்றுதான் முதலில் பயந்தேன். பத்துக்கு இரண்டா, ஐந்துக்கு இரண்டா? மறுநாள் போய்க் கேட்டேன். "நீங்களே கண்டுபிடிங்க" என்றார். அவர் எப்போதும் இப்படித்தான், எரிச்சலாக வரும்.

ஒரு வாரம் கழித்து வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, 29 என்ற எண்ணில் விரல் நின்றது. இடது பக்கம் இருப்பவை வரிசை எண்கள். வலது பக்கம் இருப்பவை வினாடிகள். கேள்வி கேட்டுவிட்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் எத்தனை வினாடி காத்திருந்தேன் என்ற கணக்கு. 11ம் 7ம் நன்றாகப் படிப்பவர்கள், அவர்களைத்தான் இரண்டு இரண்டு முறை கேட்டிருக்கிறேன். 29ஐ எழுப்பி நிற்க வைத்து, அவன் வாயைத் திறப்பதற்குள் "சரி, உட்காரு, வேற யாரு?" என்றிருக்கிறேன். சத்தியமாக எனக்கு அது நினைவே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. அவனுக்கு நினைவிருக்கும்.

ஜூலை 8, செவ்வாய்

தாளை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

பல வருடம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில்தான் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றிச் சொன்னார்கள். அறிவியல் வகுப்புகளை டேப்பில் பதிவுசெய்து, கேள்விக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவில் உள்ள மௌனத்தை அளந்தவர். 1974இல் அவர் கட்டுரை வந்தது. ஆசிரியர்கள் சராசரியாக 1 வினாடிதான் காத்திருக்கிறார்கள். அதை 3 வினாடி ஆக்கினால் பதில்கள் நீளமாகின்றன, 'தெரியாது' குறைகிறது, வாயே திறக்காத பிள்ளைகள் பேசுகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று ஆசிரியர் நினைப்பவர்களுக்குக் கிடைக்கும் நேரம்கூட மற்றவர்களுக்குக் கிடைப்பதில்லை என்பதையும் ரோ கண்டிருந்தார். அதைக் கேட்டபோது எனக்கு முகம் சூடானது. என் அரைத் தாளை யாரோ திரையில் போட்டுக் காட்டுவது மாதிரி.

மேடம் அந்தக் கட்டுரையைப் படித்திருந்தாரா என்று கேட்க நினைத்தேன். நினைத்ததோடு சரி.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் இது அர்ச்சனை ஆகிவிடும். மூன்றாம் வருடம் பத்தாம் வகுப்பு வேண்டும் என்று கேட்டேன். வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டு என்னை ஆறாம் வகுப்புக்கு அனுப்பினார். காரணம் சொல்லவில்லை. இரண்டு மாதம் நான் வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன். 'உங்களைப் பக்குவப்படுத்தத்தான்' என்று இப்போது சிலர் விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த இன்னொருவர் பாதி வருடத்தில் வேலையை விட்டுப் போனார், பாடம் பாதியில் நின்றது, பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டார். மேடம் போட்டது தப்புக் கணக்கு. அதை அவர் ஒத்துக்கொள்ளவும் இல்லை. பிள்ளைக்கு 3 வினாடி காத்திருப்பவர், என் கேள்விக்கு மட்டும் கடைசி வரை பதில் சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

வரலாறு எடுக்கும் நண்பர் ஒரு யோசனை சொன்னார். 1957இல் நோபல் பரிசு அறிவிப்பு வந்த அடுத்த மாதம் பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு தன் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் லூயி ஜெர்மேனுக்கு நன்றிக் கடிதம் எழுதினார். கூட்டத்தில் அதைச் சொன்னால் எடுபடும் என்றார். தகப்பனைப் போரில் பறிகொடுத்த பையனை உதவித்தொகைத் தேர்வுக்குத் தயார் செய்து மேலே படிக்க வைத்தவர் அந்த வாத்தியார்.

எடுபடும்தான். ஆனால் எனக்கு உறைத்தது வேறு. அந்தக் கடிதம் போய்ச் சேரும்போது வாத்தியார் உயிரோடு இருந்தார், பிறகு பதிலும் எழுதினார். நான் மேடமுக்கு எழுதியதெல்லாம் லீவ் லெட்டர்.

காம்யு வேண்டாம்.

ஜூலை 13, ஞாயிறு

கூட்டம் முடிந்தது. எதிர்பார்த்ததைவிட நிறையப் பேர். வெளியே நின்று கேட்டவர்களும் உண்டு. ஒருவர் 'தலைமைப் பண்புகள்' என்று 22 நிமிடம் பேசினார். மேடம் இருந்திருந்தால் கடிகாரத்தின் கண்ணாடியை நகத்தால் தட்டியிருப்பார்.

நான் சாவிக்கொத்தைப் பற்றிச் சொன்னேன். முன்வரிசையில் இருந்து பின்வரிசை வரை ஒரே சிரிப்பு, எல்லோருக்கும் அந்தச் சத்தம் காதில் விழுந்திருக்க வேண்டும். அப்புறம் அரைத் தாளைப் பற்றிச் சொன்னேன். 29 என்ற எண்ணைச் சொல்லும்போது தொண்டை அடைத்துக்கொண்டது. மைக்கைப் பிடித்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தொகுத்து வழங்கிய பெண் எழுந்து வரப் பார்த்தார், யாரோ அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். பேச்சு வந்தது. முடித்தேன்.

அந்தப் பையன் வந்திருக்கிறானா என்று முகங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போது அவனுக்கு முப்பது தாண்டியிருக்கும். வந்திருந்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது.

ஜூலை 14, திங்கள்

முதல் பீரியட், ஏழாம் வகுப்பு. தண்ணீர் உறைந்தால் பனிக்கட்டி. அதே தண்ணீர்தான், அப்புறம் ஏன் மிதக்கிறது என்று கேட்டேன்.

மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. முதல் பெஞ்சில் வழக்கமாகக் கை தூக்குபவன் தூக்கினான். கண்ணாலேயே பொறு என்றேன். நான்கு. ஐந்து. மின்விசிறிச் சத்தம் மட்டும். ஏழு வரை போயிருப்பேன்.

கடைசி பெஞ்சில் ஒரு சிறுமி மெல்ல எழுந்தாள்.

"மிஸ், கேள்வியை இன்னொரு தடவை சொல்றீங்களா?"

சொன்னேன்.