ஒரு கைவேலை உகுலேலேயின் விலை

கையால் செய்யப்பட்ட என்னுடைய ரெனர் உகுலேலேயை (சிறிய கிற்றார் போன்ற நான்கு தந்தி வாத்தியம்; ரெனர் என்பது அதில் சற்றுப் பெரிய அளவு) விற்பதென்று இந்த ஆண்டின் தொடக்கத்திலேயே முடிவெடுத்துவிட்டேன். இடது கைப் பெருவிரலின் அடிமூட்டில் தேய்மானம் வந்த பிறகு கழுத்தைப் பற்றிப் பிடித்து நெடுநேரம் வாசிக்க முடியவில்லை. வாசிக்க ஆளில்லாத வாத்தியத்தை யாழ்ப்பாணத்து உப்புக்காற்றில் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் கழுத்தில் குறுக்கே பதித்த மெட்டுக் கம்பிகளில் பச்சை பிடிக்கும், தந்தியை முறுக்கும் பிருடைகளின் திருகாணிகள் துருவேறும். ஆகவே விற்கும் முடிவு சுலபமாகவே வந்தது. என்ன விலை சொல்வது என்பதற்குத்தான் மாதக்கணக்கில் யோசிக்க வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் நல்ல வாத்தியங்கள் கைமாறும்போது ஒன்றில் அறாவிலை சொல்லப்படுகிறது, இல்லையேல் வீட்டைத் துப்புரவாக்கும் அவசரத்தில் அடிமாட்டு விலைக்குப் போய்விடுகிறது என்பதால், நான் போட்ட கணக்கை இங்கே எழுதி வைக்கிறேன்.

கனடாவின் ஒன்ராறியோவில் தனியாகப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம், அண்ணர் மூலமாக, 2016இல் இதைச் செய்வித்தேன். முகப்பலகை சிவந்த சீடர் மரம், பின்பலகையும் பக்கங்களும் மகோகனி, விரற்பலகை கருங்காலி. விலை 900 அமெரிக்க டொலர். பக்கப் பலகைகளை இரண்டு மில்லிமீற்றர் அளவுக்கு இழைத்து, நனைத்து, சூடான குழாயில் அழுத்தி வளைத்ததையும், முகப்பலகையை விரலால் தட்டித் தட்டி ஓசை கேட்டு மெலிதாக்கியதையும் அவர் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தப் படங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. உகுலேலே பிறந்த கதையும் தச்சுப்பட்டறையில்தான் தொடங்குகிறது. 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் மதேரா தீவிலிருந்து ஹொனலூலுவுக்குச் சென்ற போர்த்துக்கேயரில் மனுவேல் நூனெஸ், அகஸ்தோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரித்தோ சான்தோ ஆகிய மூவர் தளபாடம் செய்யும் தச்சர்கள். தங்கள் ஊரின் மசேட் என்ற சிறு நரம்பு வாத்தியத்தை ஹவாயின் கோவா மரத்தில் செய்யத் தொடங்கியவர்கள் அவர்களே.

விலைக்கு வருகிறேன். நான் கொடுத்த விலைக்கே கொடுத்துவிடுகிறேன் என்று சொல்வது நேர்மையாகத்தான் தோன்றும். ஆனால் எந்தக் காசில்? 2016இல் ஒரு டொலர் ஏறத்தாழ 145 ரூபா. என் கையிலிருந்து போனது 1,30,000 ரூபா அளவில். 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி மிதக்க விடப்பட்டு, இரண்டே மாதத்தில் ஒரு டொலர் 360 ரூபா வரை ஏறியதை இங்கே எல்லோரும் அனுபவித்தோம். இப்போது 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் அதே 900 டொலர் 2,70,000 ரூபா ஆகிறது. வாத்தியம் ஒன்றும் செய்யாமல் இரண்டு மடங்காகிவிட்டது! அதனால் 1,35,000 ரூபாவுக்கு விற்பவர் டொலர்க் கணக்கில் பாதி விலைக்கு விற்கிறார். ரூபாக் கணக்கில் போட்ட முதல் முழுவதையும் எடுத்துவிடுகிறார். இரண்டும் உண்மை. வாங்க வருபவரிடம் தனக்கு வாய்ப்பான உண்மையை மட்டும் சொல்வதை நான் நியாயமென்று கருதவில்லை; இரண்டு கணக்கையும் அவர் முன் வைக்க வேண்டும் என்று தீர்மானித்தேன்.

இந்த உகுலேலே மீது எனக்குள்ள பிரியம் விலையில் சேருமா என்பது அடுத்த கேள்வி. அம்மா நோயாகக் கிடந்த காலத்தில் இரவு நேரங்களில் அவர் தலைமாட்டில் இருந்து இதில்தான் மெதுவாக வாசிப்பேன். அந்த இரவுகள் எனக்கு விலைமதிப்பற்றவை. வாங்குபவருக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. அவர் கையில் அவை ஒலிக்கப் போவதுமில்லை. ஆகவே அதற்கென்று ஒரு சதமும் சேர்க்கவில்லை.

சேர்க்க வேண்டியது செய்தவரின் வேலை. கஸ்தூரியார் வீதி நகைக்கடையில் பழைய சங்கிலியை விற்கப் போனால் பவுணுக்குத்தான் காசு. செய்கூலி போனது போனதுதான். கைவேலை வாத்தியத்தில் கணக்கு அப்படியே தலைகீழாகிறது. மரத்தின் விலை சொற்பம். பெறுமதி கிட்டத்தட்ட முழுவதும் செய்கூலி. பழைய சாமான் என்று சொல்லி அந்தச் செய்கூலியைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது விறகு விலை. அதே நேரத்தில், அந்தச் செய்கூலியில் எவ்வளவு இன்னும் வாத்தியத்தில் உயிரோடு இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வெளிநாடுகளில் இவ்வகை வாத்தியங்கள் கைமாறும் விலைகளைக் கவனித்து வந்திருக்கிறேன். கேட்கும் விலையை விட்டுவிட்டு, உண்மையில் விற்றுப்போன விலையைத்தான் பார்க்க வேண்டும். நீண்ட காத்திருப்போர் பட்டியல் உள்ள பெயர்பெற்ற கைவினைஞரின் வேலை என்றால் விலை குறைவதில்லை, சில வேளைகளில் ஏறுகிறது. என்னுடையதைச் செய்தவர் திறமைசாலி, ஆனால் பெயர் பரவாதவர். அத்தகையவர்களின் வாத்தியங்கள் புது விலையில் பாதிக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் இடையில் போவதையே நான் கண்டேன். அதன்படி 1,35,000 முதல் 1,80,000 ரூபா வரை வருகிறது.

அந்த இடைவெளியில் எங்கே நிற்பது என்பதை வாத்தியத்தின் குறைகள் முடிவு செய்தன. செய்து முடித்தபின் ஒரு குளிர்காலம் இது அண்ணர் வீட்டில் இருந்தது. சூடாக்கியின் வறண்ட காற்றில் முகப்பலகையில், தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற கட்டைக்குக் கீழே, விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு விட்டது. செய்தவரே உள்பக்கத்தில் சிறு மரத்துண்டுகளை ஒட்டி அதைச் சீர்செய்து தந்தார். அதன் பிறகு அது அசையவில்லை. பின்னர் இங்கே வந்ததும் நேர்மாறான தொல்லை. ஈரப்பதன் நூற்றுக்கு 45 முதல் 50 வரை உள்ள அறைகளில்தான் இத்தகைய வாத்தியங்களைச் செய்கிறார்கள். எங்கள் மாரிகாலத்தில் 80ஐத் தாண்டிவிடும். மரம் ஈரம் குடித்து முகப்பலகை மெல்லப் புடைக்கிறது, அதோடு குதிரையும் உயர்கிறது, தந்தி மேலே எழும்புகிறது. 12ஆவது மெட்டில் இரண்டரை மில்லிமீற்றராக இருக்க வேண்டிய உயரம் மழை நாட்களில் மூன்றைத் தாண்டுகிறது. கோடையில் தானாகவே இறங்கிவிடுகிறது. முதல் மூன்று மெட்டுகளில் தந்தி பதிந்து பள்ளம் விழுந்திருக்கிறது. இவற்றையெல்லாம் பார்த்துக் கீழ் எல்லையான 1,35,000 ரூபாவை எடுத்துக்கொண்டேன். மெட்டுகளைச் சமப்படுத்திக் குதிரையின் எலும்புத் துண்டை மாற்றுவதற்கு, கொழும்புப் பயணத்தையும் சேர்த்து, 15,000 ரூபா கழித்தேன். 1,20,000 ரூபா.

வெளிநாட்டுக்கு விற்றால் கூடக் கிடைக்கும் என்று நண்பர்கள் சொன்னார்கள். அனுப்புகூலி, காப்புறுதி, சுங்கம் எல்லாம் போக மிச்சம் இதே அளவுதான் வரும். ஈரத்துக்குப் பழகிவிட்ட பலகை மறுபடியும் ஒரு குளிர்காலத்துக்குள் போய் வெடிக்கும் அபாயம் வேறு.

வாங்க வந்தவர் மானிப்பாய்ப் பக்கத்தில் சிறுவர்களுக்கு இசை கற்பிக்கும் இளம் ஆசிரியை. தொழிற்சாலையில் ஒட்டுப்பலகையால் செய்த ஒன்றைத்தான் அதுவரை வைத்திருந்தார். கைத்தொலைபேசியின் வெளிச்சத்தை ஒலித்துளையின் விளிம்பில் பிடித்து, மேலே தெரியும் மரவரிகள் பலகையின் கனத்துக்குள்ளும் தொடர்ந்து இறங்குவதைக் காட்டினேன். ஒட்டுப்பலகையாக இருந்தால் அந்த இடத்தில் அடுக்குகள் தெரியும். வெடிப்பையும் நானே காட்டினேன். பிறகு அவர் மெதுவாக ஒரு சி கோட் (பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கூட்டு) பிடித்து மீட்டிவிட்டு, ஒலி அடங்கும் வரை கையை எடுக்காமல் இருந்தார். அந்தக் கேட்கும் பொறுமையே எனக்கு வேண்டியிருந்தது.

“அங்கிள், விலை கூட எண்டு நான் சொல்லேல்லை. ஒரேயடியா என்னாலை கட்டேலாது,” என்றார்.

அப்போது எனக்கு எழுந்த முதல் எண்ணம் விலையை அரைவாசியாக்கிவிடலாம் என்பதே. சற்று யோசித்தபின் அதைச் செய்யவில்லை. நியாய விலை என்பது வாத்தியத்தைப் பற்றியது; வாங்குபவரின் கைவசம் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு விடயம். இரண்டையும் கலந்தால், நாளைக்கு அவர் இதை விற்க நேரும்போது “அறுபதாயிரத்துக்கு வாங்கியதுதானே” என்ற பேச்சு எழும். எங்கோ ஒரு பட்டறையில் பல வாரம் குனிந்திருந்தவரின் உழைப்பு அந்த ஒரு சொல்லில் மலிந்துபோகும். அதைவிட முக்கியமாக, இரக்கத்தால் குறைத்த விலை வாங்கியவரைக் கடன்காரராக்கிவிடுகிறது. பிடிக்காவிட்டால் விற்கவோ, பெரியதொன்றுக்கு மாற்றவோ அவருக்கு மனம் கூசும். முழு விலை கொடுத்தவருக்கே அது முழுதாகச் சொந்தம்.

“விலை அதுதான் பிள்ளை. காசை ஆறுதலாத் தாருங்கோ,” என்றேன். பாதி முற்பணம், மீதி மாதம் பத்தாயிரமாக ஆறு தவணை, வட்டி இல்லை. என்ன மரம், எந்த ஆண்டு, வெடிப்பு எங்கே, யார் சீர்செய்தது, மெட்டுகளின் நிலை, டொலரிலும் ரூபாவிலும் கொடுத்த விலை, இப்போதைய விலை எப்படி வந்தது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டோம். பட்டறைப் படங்களையும் அவருக்கு அனுப்பிவிட்டேன். இனி அவை வாத்தியத்தோடு போக வேண்டியவை. பெட்டிக்கும் ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலங்களுக்கும் தனி விலை வைக்கவில்லை. மாரி தொடங்கியதும் தந்தியின் உயரத்தைப் பார்த்துச் சரிசெய்து தர முடியுமா என்று கேட்டார். அதற்கும் காசு இல்லை என்று தாளின் அடியில் இன்னொரு வரி சேர்த்தோம்.